பழைய காரில் குலுக்கல்: நான்கு ஷாக்கையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

பழையவண்டி:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 1,20,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முன்னால் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்), சின்னக் கார்களில் வழக்கமாக இருக்கும் அமைப்புதான்.

கொஞ்ச காலமாகவே சவாரி ரொம்பக் கடுமையாக இருக்கிறது. ரோட்டில் ஒட்டுப் போட்ட இடம், பாலத்தின் இணைப்பு, சின்னக் கல் என்று எதுவானாலும் சீட் வழியாக முதுகுக்கு வந்துவிடுகிறது. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து வேகத்தடை ஏறி இறங்கினால் பின்னாலிருந்து 'டொம்' என்று ஒரு அடி. அதோடு மெதுவாகப் போகும்போது இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் 'டக் டக்' சத்தம். 80-க்கு மேல் போனால் இந்தச் சத்தம் கேட்பதில்லை, அல்லது காற்றுச் சத்தத்தில் காணாமல் போகிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு "நாலு ஷாக்கும் போச்சு" என்றார்கள். கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த வரை எந்த ஷாக்கிலும் எண்ணெய் ஒழுகவில்லை. செலவு செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தேன்.

வேகத்தடை:
1,20,000 ஓடிய ஷாக் நல்லா இருக்கும்னு எதிர்பார்க்கறதே தப்பு. கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க ப்ரோ.

நட்டுபோல்ட்டு:
கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் கண்ணை மூடிக்கொண்டு பணமும் போகும். மேலே சொன்னதை நான் ஏற்கவில்லை.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரை வைத்துக்கொண்டு எல்லோரும் அதுதான் அதிர்ச்சியைத் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். அதிர்ச்சியை வாங்குவது டயரும் ஸ்பிரிங்கும். வாங்கிய ஸ்பிரிங் மறுபடி மறுபடி ஆடாமல் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்னத் துவாரங்கள் வழியாகத் தள்ளுகிறது, அந்த ஆட்டம் சூடாக மாறிப் போகிறது. அவ்வளவுதான்.

ஆகவே ஷாக் தேய்ந்தால் வண்டி கடினமாகாது, தளர்ந்துபோகும். மேடு தாண்டிய பிறகும் இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடும். பிரேக் பிடித்தால் மூக்கு ஒரேயடியாகக் குனியும், வளைவில் உடம்பு சாயும், கரடுமுரடான ரோட்டில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். டயரில் கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும். இதில் ஒன்றையாவது நீங்கள் சொன்னீர்களா? இல்லை. நீங்கள் சொல்வது கடினம், அடி, சத்தம். மூன்றுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பழைய வண்டியில் பெரும்பாலும் இருக்காது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தண்டு வளைந்தோ துருப்பிடித்தோ ஷாக் இறுகிப்போனால் சவாரி கட்டையாகிவிடும். ஆனால் அது அபூர்வம், நான்கும் ஒரே நேரத்தில் இறுகாது.

முதலில் மூன்று விவரம் கொடுங்கள். டயர் அளவு என்ன, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன அளவும் என்ன காற்றும் போட்டிருக்கிறது, இப்போது டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது. காற்றைக் காலையில் வண்டியை எடுக்கும் முன் பாருங்கள், ஓடிச் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும், அதையும் எழுதுங்கள்.

நடுராத்திரி:
இழையைத் தொடர்கிறேன். எனக்கும் இதே 'டொம்' இருக்கிறது.

பழையவண்டி:
பார்த்துவிட்டேன் அண்ணா. ஸ்டிக்கரில் 185/65ஆர்15, காற்று 32 பி.எஸ்.ஐ. வண்டியில் இருப்பது 195/55ஆர்16, முன்னால் வைத்திருந்தவர் அலாய் வீலோடு போட்டது. காற்று நான்கிலும் 40. கடையில் எப்போதும் அப்படித்தான் அடித்துக் கொடுக்கிறார்கள், நானும் கேட்டதில்லை. நான்கு இலக்க எண் 1416.

நட்டுபோல்ட்டு:
பாதிக் கதை இங்கேயே வந்துவிட்டது.

1416 என்றால் 2016-ஆம் வருடத்தின் 14-ஆவது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் செய்த டயர். பல டயர் நிறுவனங்கள் தேதியிலிருந்து 10 வருடத்தை மேல் எல்லையாக வைக்கின்றன, 5 வருடம் ஆனதிலிருந்தே வருடா வருடம் சோதிக்கச் சொல்கின்றன. பட்டன் (டயரின் மேல் வரிகள்) ஆழம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், புது டயரில் லேசாக உள்ளே போகும், இதில் போகாது. மழையில் பிடிமானமும் குறைந்திருக்கும், அதுதான் குலுக்கலைவிடப் பெரிய கவலை.

அடுத்தது அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த 185-இல் 65 சதவீதம் என்றால் பக்கச்சுவர் உயரம் 120 மில்லிமீட்டர். 195-இல் 55 சதவீதம் 107. சக்கரத்தின் மொத்த விட்டம் இரண்டிலும் கிட்டத்தட்ட 621 மில்லிமீட்டர்தான், அதனால் ஸ்பீடாமீட்டர் மாறவில்லை, யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. ஆனால் ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த காற்று மெத்தையில் 13 மில்லிமீட்டர் போய்விட்டது. அதன் மேல் தேவைக்கு மேல் 8 பி.எஸ்.ஐ. அதன் மேல் கெட்டியான ரப்பர். இந்த டயரை வைத்துக்கொண்டு எந்த ஷாக்கை மாற்றினாலும் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் எண்ணிக்கொண்டுதான் போவீர்கள்.

இன்று செய்ய வேண்டியது காசில்லாத வேலை. குளிர்ந்த டயரில் 32-க்கு இறக்கிவிட்டு அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். சூடான டயரில் இறக்காதீர்கள், ஆறின பிறகு அளவு குறைந்துபோகும்.

வேகத்தடை:
டயர் சரி, ஒத்துக்கறேன். ஆனா 'டொம்' சத்தத்துக்கு டயர் என்ன பண்ணும்? மூலையை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு தடவைக்கு மேல ஆடினா ஷாக் காலி. எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் பார்ப்பாங்க.

கிரீஸ்கை:
அமுக்கிப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அது ஒரு பக்கச் சோதனை. அமுக்கி விட்டதும் வண்டி பல தடவை ஆடினால் ஷாக் போனது உறுதி. ஆடாமல் நின்றால் ஷாக் நல்லது என்று அர்த்தமில்லை. கையால் அமுக்கும்போது பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, பள்ளத்தில் விழும்போது பல மடங்கு வேகத்தில் நகர்கிறது. இரண்டும் வேறு வேறு வால்வு வேலை. போதாததற்குப் பழைய புஷ்களின் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்) இறுக்கமே உடம்பை நிறுத்திவிடும்.

இன்னொரு பழைய வழி: கரடுமுரடான ரோட்டில் ஒரு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்ததும் ஒவ்வொரு ஷாக்கின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்தது சூடாக இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது சும்மா கூடவே வருகிறது என்று பொருள். சைலன்சர் குழாய் மேல் கை வைத்துவிடாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. தண்டு சீலுக்குக் கீழே மெல்லிய ஈரம், அதன் மேல் தூசி ஒட்டியிருப்பது சாதாரணம். பாதி உடம்புக்குக் கீழே வழிந்து சொட்டு நிற்பதுதான் ஒழுகல்.

சாரதிஅக்கா:
சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். பார்ட் பெயர் எல்லாம் பின்னால்தான் தெரிந்தது, காது முன்னாலேயே தெரிந்துகொண்டது.

தம்பி, வேகத்தடையை நேராக, இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி மெதுவாகத் தாண்டுங்கள். அப்புறம் இடது சக்கரம் மட்டும் ஏறும்படி சாய்வாகத் தாண்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறும்போது சத்தம் இல்லை, ஒன்று மட்டும் ஏறும்போது 'டக் டக்' என்றால் ஸ்டெபிலைசர் லிங்கையோ அதன் புஷ்ஷையோ சந்தேகப்படுங்கள். ஸ்டெபிலைசர் என்பது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி, லிங்க் அதன் முனையில் இருக்கும் சின்ன இணைப்பு. அந்தக் கம்பி இரண்டு பக்கமும் சமமாக ஏறினால் வேலையே செய்யாது, ஒரு பக்கம் மட்டும் ஏறினால்தான் முறுக்கிக்கொள்ளும்.

அதே ரோட்டில் பிரேக்கை லேசாகத் தொட்டபடி போய்ப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது சஸ்பென்ஷனே இல்லை, பிரேக் கேலிபரோ பேடோ ஆடுகிறது. இதைப் பார்க்காமல் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) வரைக்கும் மாற்றினவர்களை எனக்குத் தெரியும்.

வண்டி நின்றபடி ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மேலே இருக்கும் மவுண்ட் பேரிங் இறுகியிருக்கிறது. பானெட்டைத் திறந்து வைத்து ஒருவர் மேலே கை வைத்துக்கொண்டு இன்னொருவர் திருப்பினால் கையிலேயே தெரியும்.

இதெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி போல்ட் தளர்ந்திருந்தாலோ ஜாக் அதன் இடத்தில் இல்லாவிட்டாலோ வரும் சத்தத்துக்கு ஊரே சேர்ந்து வைத்தியம் பார்க்கும்.

பழையவண்டி:
அக்கா, சொன்னபடி செய்தேன். இரண்டு சக்கரமும் ஏறினால் சத்தம் இல்லை, இடது மட்டும் ஏறினால் வருகிறது. பிரேக் தொட்டாலும் நிற்கவில்லை. ஸ்டீயரிங் திருப்பினால் எதுவும் இல்லை.

காற்றை 32-க்கு இறக்கியதில் சின்னச் சின்ன அதிர்வு நிஜமாகவே குறைந்திருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்தவர் நான் சொல்லாமலே கேட்டார். ஆனால் பின்னால் 'டொம்' அப்படியே இருக்கிறது. வண்டியைத் தூக்கிப் பார்க்கப் போகிறேன், என்ன பார்க்க வேண்டும்?

கிரீஸ்கை:
தூக்குவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று குழப்பும். இடதுக்கும் வலதுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் ஸ்பிரிங்கைப் பார்த்தே ஆகவேண்டும்.

தூக்கும்போது ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், போகவில்லை என்றால் பால் ஜாயின்ட் (லோயர் ஆர்ம் சக்கரத்தோடு சேரும் உருண்டை மூட்டு) பக்கம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு). லோயர் ஆர்ம் பின்புஷ்ஷை ஒரு கம்பியால் நெம்பிப் பாருங்கள். மேலாக முடிபோல வெடிப்பு இருந்தால் பரவாயில்லை, ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் நிரப்பிய புஷ் வகையாக இருந்தால் கருப்பாக ஒழுகிய அடையாளம் இருக்கும்.

ஸ்டெபிலைசர் லிங்கை மட்டும் ஒரு பக்கம் தூக்கி வைத்துப் பார்க்காதீர்கள். கம்பி முறுக்கிக்கொண்டு லிங்கை இறுக்கிப் பிடிக்கும், தேய்ந்ததுகூட நல்லது போலக் காட்டும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது கையை உள்ளே விட்டு ஆட்டுங்கள்.

பின்னால் பம்ப் ஸ்டாப் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சில கார்களில் ஸ்பிரிங்குக்கு உள்ளே இருக்கும், சிலவற்றில் ஷாக்கின் தண்டில் தூசி உறைக்குள் இருக்கும். நுரை மாதிரி ஒரு கட்டி. வயதானால் பொடிப்பொடியாக உதிரும். அது இல்லாவிட்டால் சஸ்பென்ஷன் கடைசி எல்லையைத் தொடும்போது இரும்பும் இரும்பும் மோதும். உங்கள் 'டொம்' அதுதான் என்று என் ஊகம். பின்சீட்டில் ஆள் ஏறினால்தான் வருகிறது என்கிறீர்களே.

தண்டு வெளியே தெரிகிற வகையாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைத் தண்டில் சுற்றிக் கட்டி, ஷாக்கின் உடம்பை ஒட்டி இறக்கிவிட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். எதுவரை தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரை சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பில் போய் இடித்து நின்றிருந்தால் இடம் தீர்ந்துபோகிறது என்று அர்த்தம்.

ஸ்ட்ரட் மேல் நட்டை மட்டும் வீட்டில் கழற்றாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு நட்டுதான். ஸ்பிரிங் கம்ப்ரெஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) போடாமல் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

பழையவண்டி:
முன்னால் இடது 373, வலது 375. பின்னால் வலது 366, இடது 351. இந்த 15 மில்லிமீட்டரைக் கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது.

தூக்கிப் பார்த்தேன். பின் இடது ஸ்பிரிங்கின் அடிச் சுற்று உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு கீழே விழாமல் ரப்பர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தது, அதனால் சும்மா எட்டிப் பார்த்தால் முழு ஸ்பிரிங் போலத்தான் இருக்கிறது. விரலால் தடவும்போது நகம் ஒரு விளிம்பில் மாட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் உடைந்த முகத்தில் பாதி பழுப்புத் துரு, பாதி இன்னும் சாம்பல் நிறம். பெயின்ட் உரிந்த இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது போல.

பின் ஷாக் தூசி உறையைத் தூக்கினால் பம்ப் ஸ்டாப்புக்குப் பதில் மஞ்சள் பொடி கொட்டியது. வலது பக்கம் பாதிக் கட்டி மிச்சம்.

முன் இடது ஸ்டெபிலைசர் லிங்கின் கீழ் மூட்டு கையிலேயே லொடலொட என்று ஆடுகிறது. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் இரண்டிலும் ஆட்டம் இல்லை. லோயர் ஆர்ம் புஷ்ஷில் மேலாக வெடிப்பு, பிரியவில்லை. முன் ஸ்ட்ரட் காய்ந்திருக்கிறது.

நட்டுபோல்ட்டு:
பாருங்கள், நாலு ஷாக்கையும் மாற்றியிருந்தால் உடைந்த ஸ்பிரிங் அப்படியே இருந்திருக்கும். அதன் முனை ஒரு நாள் நழுவி டயர் பக்கம் திரும்பினால் வேறு கதை. ஸ்பிரிங் மாறும் வரை ஆள் ஏற்றாதீர்கள், நீண்ட தூரம் போகாதீர்கள்.

ஸ்பிரிங் உடைந்து பின்பக்கம் இறங்கியதால் அமுங்குவதற்கு இருந்த இடம் குறைந்துபோனது. ஆள் ஏறியதும் மிச்ச இடமும் போய் எல்லையில் மோதுகிறது. மோதலைத் தாங்க வேண்டிய கட்டியும் பொடியாகிவிட்டது.

வேகத்தடை:
சரி, ஸ்பிரிங் மேட்டர் நான் எதிர்பார்க்கல. ஆனா பம்ப் ஸ்டாப் மாத்தணும்னா பின் ஷாக்கைக் கழட்டித்தான் ஆகணும். அவ்வளவு வயசான ஷாக்கை மறுபடி மாட்டுவீங்களா? நான் மாட்ட மாட்டேன்.

கிரீஸ்கை:
இதில் வேகத்தடை சொல்வதுதான் சரி. பம்ப் ஸ்டாப் இல்லாமல் மோதி மோதி அந்த ஷாக்கின் உள்ளேயும் அடி பட்டிருக்கும். பின் ஸ்பிரிங் இரண்டு, பின் ஷாக் இரண்டு, பம்ப் ஸ்டாப், தூசி உறை, ஸ்பிரிங் ரப்பர் இருக்கை என்று ஒரே வேலையில் முடித்துவிடுங்கள். ஒரு அச்சில் ஒரு பக்கம் மட்டும் புதுசு போடாதீர்கள். வளைவில் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். முன் ஸ்ட்ரட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டும் மாற்றுங்கள், சின்னச் சாமான்தான்.

புது ஷாக் இரட்டைக் குழாய் வகையாக இருந்தால் மாட்டுவதற்கு முன் நிமிர்த்தி வைத்து நாலைந்து தடவை முழுக்க இழுத்து அமுக்குங்கள். படுக்க வைத்திருந்ததில் உள்ளே காற்று புகுந்திருக்கும். அப்படியே மாட்டினால் ஆரம்பத்தில் 'சளக் சளக்' என்று சத்தம் வரும், கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. ரப்பர் உள்ளே ஒட்டியிருக்கும், சுழலாது, முறுக்கித்தான் கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரைக்கு வந்ததும் புஷ் எப்போதும் முறுக்கியபடியே நிற்கும். சவாரி கட்டையாகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். எடையைச் சக்கரத்தில் இறக்கிவிட்டு இறுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், நிறையப் பேர் செய்வதில்லை.

நடுராத்திரி:
லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கு பாலியூரித்தேன் போட்டால் நீடித்து உழைக்கும் என்கிறார்களே?

கிரீஸ்கை:
உழைக்கும். ஆனால் அது ரப்பரைவிடக் கடினம். சவாரி மெத்தென்று வேண்டும் என்று வந்தவர் அதைப் போடலாமா? ஸ்டீயரிங் கூர்மை வேண்டுபவர்களுக்கு அது சரி. இந்த இழைக்குத் தேவையில்லை.

சாரதிஅக்கா:
டயர் வாங்கும்போது பழைய 15 அங்குல ரிம்முக்கே திரும்பிவிடுங்கள் தம்பி. அழகு கொஞ்சம் குறையும், முதுகு பிழைக்கும். 195/55ஆர்16-இல் வழக்கமாக வரும் சுமைக் குறியீடு 87, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ. 185/65ஆர்15-இல் 88, 560 கிலோ. பெரிய டயர் என்றால் அதிகம் தாங்கும் என்று நினைக்காதீர்கள். 16-லேயே இருப்பதாக இருந்தால் ஸ்டிக்கரில் உள்ள குறியீட்டுக்குக் குறையாததாகக் கேட்டு வாங்குங்கள்.

பழையவண்டி:
வேலை முடிந்தது. பின் ஸ்பிரிங், ஷாக், பம்ப் ஸ்டாப், முன் லிங்க் இரண்டும் மாற்றியாகிவிட்டது. போல்ட் இறுக்கும்போது நான் கேட்டதும் மெக்கானிக் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் வண்டியை இறக்கிவிட்டுத்தான் இறுக்கினார். 185/65ஆர்15 டயர், தேதி பார்த்துப் புதுசாக. வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று.

'டக் டக்' போய்விட்டது. நாலு பேரோடு வேகத்தடை தாண்டினால் பின்னால் மெதுவாக அமுங்கி எழுகிறது, அவ்வளவுதான். பாலத்து இணைப்புகள் இப்போதும் தெரிகின்றன, ஆனால் சத்தமாகத்தான் தெரிகின்றன, அடியாக இல்லை. பின் உயரம் இரண்டு பக்கமும் 372. கழற்றிய பின் வலது ஷாக்கைக் கையால் அமுக்கினால் முதல் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றுமே தடுக்கவில்லை, வேகத்தடை சொன்னதும் பொய்யில்லை.

வேகத்தடை:
அதான் முதல் நாளே சொன்னேன் 😀

கிரீஸ்கை:
நாலில் இரண்டு சரி, பாதி மார்க்.

பழையவண்டி, புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓடிய பிறகு இன்னும் ஓரிரண்டு மில்லிமீட்டர் இறங்கும், பயப்படாதீர்கள். பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் ஹெட்லைட் வெளிச்சம் முன்பைவிடக் கிட்டத்தில் விழும். இரவில் சுவருக்கு எதிரே நிறுத்தி ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷை அடுத்த ஆயில் சர்வீஸில் மறுபடி நெம்பிப் பாருங்கள்.

நடுராத்திரி, உங்கள் வண்டிக்கு டேப் எடுத்து அளந்தீர்களா?